சிவகாசிக் காலண்டரில் வாடிக்கையாளரின் பங்கு

நின்ற நாராயணப் பெருமாள் கோயிலால் 108 திவ்ய தேசங்களுள் ஒன்றாகப் போற்றப்படும் திருத்தங்கல், 2021இல் சிவகாசி மாநகராட்சியுடன் இணைக்கப்படுவதற்கு நெடுங்காலம் முன்பே, தீப்பெட்டி, பட்டாசு, அச்சு ஆகிய தொழில்களால் அந்நகரோடு பிணைந்துவிட்டிருந்தது. இவற்றுள் அச்சுத்தொழிலின் வரலாறு, வணிகவியலார் இன்று ‘மதிப்பின் கூட்டுருவாக்கம்’ என்று வழங்கும் கருத்தைத் தெளிவுபடுத்தப் பெரிதும் உதவுகிறது. ஒரு பொருளின் மதிப்பை உற்பத்தியாளர் தனியே படைப்பதில்லை, வாங்குபவரும் தம் தேவையாலும் அறிவாலும் உழைப்பாலும் அதை உடனிருந்து உருவாக்குகிறார் என்பதே அக்கருத்து. கோயம்புத்தூரில் பிறந்த மேலாண்மை அறிஞர் சி. கே. பிரகலாத், வெங்கட் ராமசாமியுடன் சேர்ந்து 2004இல் வெளியிட்ட நூல் அதை உலகெங்கும் பரப்பியது. இணையம் வந்த பிறகே இது இயன்றது என்ற எண்ணம் பரவலாக இருப்பினும், சிவகாசிக் காலண்டர் அதற்கு மாறான சான்றாக நிற்கிறது.

1920களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். தீப்பெட்டிக்கும் பின்னர் பட்டாசுக்கும் லேபிள் தேவைப்பட்டதால், கல்லில் படம் தீட்டி அச்செடுக்கும் லித்தோ முறையும், அதைத் தொடர்ந்து ஆப்செட் முறையும் இங்கு வேரூன்றின. லேபிள் அச்சிட்ட எந்திரங்களே காலண்டரையும் அச்சிடத் தொடங்கின. கோவில்பட்டியில் வாழ்ந்த சி. கொண்டையராஜுவும் அவருடைய மாணவர்களும் வரைந்த தெய்வப் படங்கள் இந்தியாவெங்கும் சுவர்களில் இடம்பெற்றன.

காலண்டர் விலைக்கு வாங்கப்படுவதைவிட அன்பளிப்பாக வழங்கப்படுவதே மிகுதி. மளிகைக் கடைக்காரர் ஒருவர் தம் கடையின் பெயரைப் பொறித்து அதைத் தருகிறார். பெற்றுக்கொண்டவர் வீட்டுச் சுவரில் மாட்டினால்தான் கடைக்காரர் செலவிட்ட பணத்துக்குப் பயன் உண்டு. ஆகவே முருகனா, மெக்கா மதீனாவா, குழந்தை இயேசுவா, இயற்கைக் காட்சியா என்ற தேர்வில், தம் கடைக்கு வருவோரின் மனத்தை அறிந்த கடைக்காரரின் அறிவே அச்சகத்தை வழிநடத்தியது. ஆடிப்பெருக்கை ஒட்டி அடுத்த ஆண்டுக்கான படங்களைத் தொகுத்த ‘ஆல்பம்’ பூஜையிட்டு வெளியிடப்பட, அதைச் சுமந்துகொண்டு ஏஜெண்டுகள் ஊர் ஊராகச் சென்றனர். அவர்கள் ஆர்டருடன் எந்தப் படம் எந்த வட்டாரத்தில் எடுபட்டது, எது ஒதுக்கப்பட்டது என்ற செய்தியையும் கொண்டுவந்தனர். தொழிலின் வரலாற்றில் இவர்களுக்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை.

ஆயினும் வாடிக்கையாளரின் பங்குக்கு எந்திரமே எல்லை வகுத்திருந்தது. ஆப்செட்டில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித் தகடு செய்து எந்திரத்தில் பொருத்த வேண்டும். நூறு படி அச்சிட்டாலும் பத்தாயிரம் படி அச்சிட்டாலும் அந்தச் செலவு ஒன்றே. எனவே படம் பெருந்தொகையாகப் பொதுவில் அச்சிடப்பட, கீழே விடப்பட்ட வெற்றிடத்தில் கடையின் பெயர் மட்டும் தனியாகச் சேர்க்கப்பட்டது. வாடிக்கையாளருக்கு முழு உரிமை அந்த ஒரு பட்டையில்தான் இருந்தது.

கணினி வடிவமைப்பும் தகடு இன்றியே அச்சிடும் டிஜிட்டல் எந்திரமும் அந்தப் பட்டையைத் தாள் முழுவதற்கும் விரித்தன. தகடு இல்லாதபோது ஒவ்வொரு தாளும் வேறுபடலாம். குடும்பப் புகைப்படத்துடன் சில படிகள் மட்டும் கேட்பவரும் வாடிக்கையாளராகிறார். படமும் வாசகமும் வாட்ஸ்அப்பில் வருகின்றன, மாதிரி அதே வழியில் திரும்பிச் செல்கிறது, ஒப்புதலும் அங்கேயே கிடைக்கிறது. இதனால் சிறு கடைகளுக்கும் குடும்பங்களுக்கும் கிடைத்த சுதந்திரம் மெய்யானது. அதே வேளையில் பிழை திருத்துவோர் பார்த்துவந்த வேலை, கூலியின்றி வாடிக்கையாளரின் தோளுக்கு மாறியது. ஒப்புதல் அளித்த பின் தெரியவரும் எழுத்துப் பிழைக்கு அவரே பொறுப்பாகிறார். கூட்டுருவாக்கத்தைப் போற்றும் ஆய்வுகள் இந்த உழைப்பையும் கணக்கில் கொள்வது அவசியம்.

பட்டாசில் மாற்றம் வேறு திசையில் சென்றது. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம், மின்வணிகத் தளங்கள் வழியாகப் பட்டாசு விற்பதைத் தடைசெய்து, புகையும் ஒலியும் குறைந்த வகைகளுக்கு மட்டும் இடமளித்தது. வெடிபொருளை உரிமம் பெற்ற இடத்தில்தான் வைத்து விற்கலாம் என்பதால், திரையில் தேர்ந்தெடுத்துக் கட்டணம் செலுத்தும் வழக்கம் இங்கு முழுமையாகப் பொருந்தவில்லை. நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் (நீரி) உருவாக்கிய பசுமைப் பட்டாசுகள் 2019இல் கியூ.ஆர். குறியீட்டுடன் அறிமுகமானபோது, பெட்டிக்குள் இருப்பது ஏற்கப்பட்ட வகைதானா என்று சோதிக்கும் பங்கு நுகர்வோருக்குக் கிடைத்தது. ஆயினும் அக்குறியீடு புகை சார்ந்த கேள்விக்கே விடை தருகிறது; உயிர்ப்பலி வாங்கும் விபத்துகள் தொடரும் இப்பகுதியில், மருந்து அடைத்த அறையில் பாதுகாப்பு விதிகள் கடைப்பிடிக்கப்பட்டனவா என்பதை வாங்குபவர் அறிய அந்தப் பெட்டியில் வழியில்லை.