தாமதமாக வந்த கடிதம்

கதை எழுதுகிறவனுக்கு ஒரு சங்கடம் உண்டு. நடந்த சம்பவம் என்பதற்காக எதையும் எழுதிவிட முடியாது. படிக்கிறவர்கள் நம்பவும் வேண்டும். சரித்திரத்துக்கு அந்தக் கவலை இல்லை. அமெரிக்காவில் நடந்த பிண்டோ கார் விவகாரத்தைப் படித்தபோது எனக்கு அப்படித்தான் தோன்றியது.

1970-ம் ஆண்டு செப்டம்பரில் போர்டு கம்பெனி பிண்டோ என்ற சின்னக் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலை 2,000 டாலரைத் தாண்டக் கூடாது என்பது லீ அயகோக்கா என்ற மேலதிகாரி விதித்த நிபந்தனை. ஜனங்கள் ஆசையாக வாங்கினார்கள். ஆனால் அந்தக் காரின் பெட்ரோல் டாங்கி பின் அச்சுக்கும் பின்னால் இருந்தது. வேறொரு வண்டி பின்புறம் பலமாக மோதினால், டாங்கி முன்னே நெருக்குண்டு போல்ட்டுகளில் குத்துப்படும். பெட்ரோல் ஊற்றும் குழாயும் கழன்றுவிடும். பிறகு ஒரு பொறி போதும்.

1977-ல் மார்க் டௌவி என்பவர் 'மதர் ஜோன்ஸ்' பத்திரிகையில் இதை எழுதியதும் தேசமே கொதித்தது. ஓர் உயிருக்கு 2,00,000 டாலர், ஒரு வண்டியைத் திருத்த 11 டாலர் என்று கம்பெனி போட்ட கணக்கு ஒன்றும் அம்பலமாயிற்று. அந்தக் கணக்கு பிண்டோவுக்காகப் போட்டதல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். வண்டிகள் கவிழும்போது பெட்ரோல் ஒழுகுவதைத் தடுப்பது பற்றிச் சர்க்காருக்கு எழுதிய குறிப்பு அது. உயிரின் விலையை நிர்ணயித்ததும் சர்க்கார் இலாகாதான்! கோபம் நியாயமானது, ஆனால் அந்தக் காகிதத்தைப் பற்றிய பேச்சில் இன்னொரு காகிதம் மறந்துபோயிற்று.

குறை தெரிந்தால் வண்டிக்காரர்களுக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும் என்று 1966-ல் அங்கே சட்டம் வந்திருந்தது. 1978 ஜூன் மாதம், சுமார் 15 லட்சம் கார்களைத் திரும்ப அழைப்பதாகக் கம்பெனி அறிவித்தது. வைத்தியம் சாமானியமானதுதான்: சற்று நீளமான குழாய், கெட்டியான அடைப்பு, டாங்கிக்கு ஒரு பிளாஸ்டிக் மறைப்பு.

ஆகஸ்டு 10-ந் தேதி இந்தியானா மாகாணத்தில், 1973-ம் வருஷத்துப் பிண்டோ ஒன்றில் மூன்று இளம்பெண்கள் போய்க்கொண்டிருந்தார்கள். பின்னால் வந்த வேன் மோதியது. கார் தீப்பற்றிக்கொண்டது. மூவரும் இறந்தார்கள். காரைத் திருத்தித் தருகிறோம் என்ற கடிதம் அந்த வீட்டுக்கு 1979-ல் வந்து சேர்ந்தது. கதையில் இப்படி எழுதினால் எந்தப் பத்திரிகாசிரியர் ஒப்புக்கொள்வார்?

கம்பெனி மீதே உயிர்ச்சேத வழக்குத் தொடர்ந்தார்கள். அதற்கு இடம்கொடுத்த சட்டம் 1978 ஜூலை 1-ந் தேதிதான் அமலுக்கு வந்தது. ஆகவே, ஜூலை முதல் தேதியிலிருந்து ஆகஸ்டு பத்து வரை 41 நாட்களில் கம்பெனி எச்சரிக்கத் தவறியதா என்பதே ஜூரிகளின் முன் நின்ற கேள்வி. 1980 மார்ச்சில் குற்றமில்லை என்று தீர்ப்பாயிற்று. சட்டத்தின் கண்ணுக்கு அது சரியாகவே இருக்கலாம்.

எனக்கு மட்டும் அந்த 41 நாட்கள் மனத்தை விட்டு அகலவில்லை. ஊருக்கெல்லாம் அறிவிப்பது வேறு, ஒரு வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்வது வேறு. குழாயை மாற்றப் பட்டறை வேண்டும், சாமான் வேண்டும், நாள் வேண்டும். 'இப்போதைக்கு வண்டியை எடுக்காதீர்கள்' என்று சொல்ல ஒரு தபால்காரர் போதும்.