சென்னைத் துறைமுகம் தந்ததும் பறித்ததும்

ஆவடி, அம்பத்தூர் பக்கம் இருக்கும் நம்மில் மெரினாவுக்குப் போகாதவர்கள் குறைவு. அந்தப் பரந்த மணல்வெளி இயற்கையாகவே வந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அதை இவ்வளவு அகலமாக்கியது ஆங்கிலேயர் கட்டிய துறைமுகம்!

1639-ல் துணி வியாபாரத்துக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே இடம் வாங்கியபோது துறைமுகமே கிடையாது. கப்பல்கள் நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கும் ஆட்களும் மசூலா படகுகளில்தான் கரைக்கு வரவேண்டும். ஆணி இல்லாமல், பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்த படகுகள் அவை. அலை மோதினால் வளைந்து கொடுக்கும், உடையாது. அவற்றை ஓட்டிய நம்மூர்ப் படகோட்டிகளை நம்பித்தான் ஏறக்குறைய இருநூறு வருடங்கள் கம்பெனியின் வியாபாரமே நடந்தது.

1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. நம் அம்பத்தூர், ஆவடி வழியாகப் போகும் அதே பாதைதான்! உள்நாட்டுச் சரக்கு ரயிலில் கடற்கரை வரை வந்துவிட்டது. அதற்கு அப்பால் மறுபடியும் படகுதான். 1861-ல் இரும்புத் தூண்கள் மேல் ஒரு பாலம் போட்டார்கள். புயல்கள் அதையும் விட்டுவைக்கவில்லை.

1875-ல் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. கடலுக்குள் இரண்டு கைகள் நீட்டியதுபோலக் கற்சுவர்கள் எழுந்தன. 1881 நவம்பர் புயல் அவற்றில் பெரும் பகுதியை உடைத்துப் போட்டது. மீண்டும் கட்டி முடிக்க 1890-கள் ஆகிவிட்டன. கிழக்கு பார்த்த வாசலிலும் மணல் தொல்லை தீரவில்லை. 1904-ல் பொறுப்பேற்ற பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில் அதை மூடி, வடகிழக்கில் புது வாசல் திறந்தார்கள்.

ஏன் இந்த மணல் தொல்லை? நம் கரையோரம் வருடத்தின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். துறைமுகச் சுவர் அதைத் தடுத்தது. தெற்கே தேங்கிய மணலால் மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் வரவேண்டிய மணல் வரவில்லை. அங்கே கடல் கரையைத் தின்றது. மீனவர்களின் வீடுகளும் தெருக்களும் போயின. இன்று அங்கே கரையைக் காப்பது கொட்டிவைத்த பாறைகள்தான்.

துறைமுகத்தால் நகரம் வளர்ந்தது, நம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கும் வழி கிடைத்தது. மறுக்கவில்லை. ஆனால் அதற்கான விலையைக் கொடுத்தவர்களில், ஒரு காலத்தில் மசூலா படகு ஓட்டிய கடற்கரை மக்களும் உண்டு.

அடுத்த முறை மெரினாவில் சுண்டல் சாப்பிடும்போது, ஒருநாள் ராயபுரம் கடற்கரைக்கும் போய்ப் பாருங்கள் நண்பர்களே. இரண்டும் ஒரே கதையின் இரண்டு பக்கங்கள்.