வெள்ளைத் திராட்சை மதுவும் ஓக் பீப்பாவும்: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு பண்டத்தை ஏற்றிச் செல்லவென எழுந்த கலம், காலப்போக்கில் அப்பண்டத்தின் சுவையையே நிர்ணயிக்கும் நிலையை அடைவதுண்டு. ஐரோப்பிய வெள்ளைத் திராட்சை மதுவுக்கும் ஓக் மரப் பீப்பாவுக்கும் இடையிலான தொடர்பு இதற்குத் தக்க சான்றாகும்.

கிரேக்கரும் உரோமரும் மதுவைப் பெரும்பாலும் மட்சாடிகளிலேயே கொண்டு சென்றனர். அல்ப்ஸ் மலையை அடுத்து வாழ்ந்தோர் வளையமிட்ட மரக்கலங்களில் அதனைச் சேமித்தமையைக் கி.பி. முதலாம் நூற்றாண்டினரான பிளினி குறிப்பிட்டுள்ளார். உருட்டிச் செல்லத்தக்கதும் எளிதில் உடையாததுமான பீப்பா, பின்வந்த நூற்றாண்டுகளில் மட்சாடியின் இடத்தைப் பெற்றது. அதன் வெற்றிக்குப் போக்குவரத்து வசதியே முதற்காரணம் எனலாம். மரத்தின் வரலாறும் இத்தகையதே. பிரான்சில் கொல்பேர் காலத்தில் எழுந்த 1669ஆம் ஆண்டு வனச்சட்டம், கடற்படையின் தேவை கருதியே ஓக் காடுகளைப் பேண முனைந்தது. கப்பல்கள் இரும்பாலானபின், துரோன்சே போன்ற காடுகளின் மரம் பீப்பாத் தொழிலில் புகழ்பெற்றது.

பீப்பா மதுவை இருவகையில் மாற்றுகின்றது. சிறிதளவு ஒட்சிசன் உட்புகுந்து மதுவை மெல்ல முதிர்விக்கின்றது. மரத்தின் சேர்வைகளும் அதிற் கரைகின்றன. தீயில் வாட்டப்பட்ட பலகை வனிலா மணத்தையும் புகை மணத்தையும் அளிக்க, ஓக்கிலுள்ள லக்டோன்கள் தேங்காயின் மணத்தை நினைவூட்டுகின்றன. பின்னையது அமெரிக்க வெள்ளை ஓக்கில் மிகுதி. ஈண்டு ஒரு முரண் நோக்கற்பாலது. பீப்பாவிலேயே நொதித்த மதுவில், நொதித்தபின் பீப்பாவில் இடப்பட்டதிலும் பார்க்க மரச்சுவை அடங்கியே தோன்றும். நொதிக்கும்போது மதுவம் வனிலினை மணங்குன்றிய வேறொரு பொருளாக மாற்றிவிடுவதே இதற்குக் காரணமாகும். வெண்ணெய்ச் சுவையோ மரத்தினின்று வருவதன்று. மலிக்கமிலத்தை இலற்றிக்கமிலமாக்கும் பற்றீரியாக்களால் விளைவது.

1950களில், இத்தாலிக்கான அமெரிக்கத் தூதுவர் செல்லர்பாக், கலிபோர்ணியாவிலிருந்த தமது ஹான்செல் தோட்டத்துக்குப் பிரெஞ்சு ஓக் பீப்பாக்களை வரவழைத்தார். ஏனையோரும் அவ்வழியைப் பின்பற்றினர். 1976இல் பாரிசில் பெயர் மறைத்து நடத்தப்பட்ட சுவைத்தேர்வில், கலிபோர்ணியாவின் மொன்ரலீனா சார்டனே பேர்கண்டி மதுக்களை விஞ்சி முதலிடம் பெற்றது. மண்ணுக்கே உரியதெனக் கருதப்பட்ட சிறப்பில் கைவினையின் பங்கு எத்துணை என்ற வினா இதனால் வலுப்பெற்றது. பின்னர் மரச்சுவை மிகைப்பட்டது. 1990களில் அதன்மேல் வெறுப்பும் தோன்றியது. 2006இல் ஐரோப்பிய ஒன்றியம் பீப்பாவுக்குப் பதிலாக ஓக் மரச்சீவல்களை மதுவில் இடவும் அனுமதித்தது.

சுமைதூக்கவென வந்த கலம் தேவையற்றுப் போயினும், அது விட்டுச்சென்ற சுவை தேவையாகவே நிலைத்துவிட்டது. மரபெனப் போற்றப்படும் சுவைகள் பலவற்றின் பின்னே வணிகமும் போக்குவரத்தும் அரசின் தேவைகளும் மறைந்திருத்தலை இவ்வரலாறு நன்கு உணர்த்துகின்றது.