ஜபர், ஜேர், பேஷ் வந்த வரலாறு

மக்தபில் புதிதாகச் சேர்ந்த பிள்ளை, "பா ஜபர் ப, பா ஜேர் பி, பா பேஷ் பு" என்று இராகமிட்டு ஓதுவதை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். நாமும் அவ்வாறு ஓதி வந்தவர்களே. ஆயினும் அக்குறிகள் எதற்காக வந்தன என்பதை நம்மில் பலர் சிந்தித்ததில்லை.

உஸ்மான் (ரலி) அவர்களின் ஆட்சியில் படியெடுக்கப்பட்ட முஸ்ஹஃபுகளில் இக்குறிகள் இல்லை. அன்றைய அரபுகளுக்கு அவை தேவைப்படவுமில்லை. அவர்கள் குர்ஆனை ஓதுபவரின் நாவிலிருந்து செவி வழியாகப் பெற்றனர். ஏடு நினைவுக்குத் துணையாக நின்றது. அரபு அல்லாத மக்கள் பெருந்திரளாக இஸ்லாத்தில் இணைந்தபோது ஓதுதலில் பிழைகள் தோன்றின.

பஸராவில் வாழ்ந்த அபுல் அஸ்வத் அத்துஅலீ (மறைவு ஹிஜ்ரி 69) அவர்களிடம், குறிகள் அமைத்துத் தருமாறு ஆளுநர் ஸியாத் வேண்டினார். அவர்கள் முதலில் இணங்கவில்லை என்று அறிவிப்புகள் கூறுகின்றன. பின்னர் ஒருவர் தவ்பா அத்தியாயத்தின் 3ஆம் வசனத்தில் "ரஸூலுஹு" என்பதை "ரஸூலிஹி" என்று ஓதக் கேட்டார்கள். இணைவைப்போரை விட்டு அல்லாஹ்வும் அவனுடைய தூதரும் விலகியவர்கள் என்பது அவ்வசனத்தின் கருத்து. ஒரு பேஷ் ஜேராக மாறியதும், அல்லாஹ் தன் தூதரை விட்டே விலகியவன் என்ற விபரீதப் பொருள் வந்துவிடுகிறது! அதிர்ந்துபோன அவர்கள் உடனே அப்பணியை ஏற்றார்கள்.

எழுத்தர் ஒருவரை எதிரில் அமர்த்தித் தம் வாயைக் கவனிக்கச் சொன்னார்கள். உதட்டைத் திறந்தால் எழுத்தின் மேலே ஒரு புள்ளி. கீழ்நோக்கி இழுத்தால் கீழே. குவித்தால் எழுத்தின் முன்னே. மையிலிருந்து வேறுபட்ட நிறத்தில் அப்புள்ளிகள் இடப்பட்டன. ஃபத்ஹா என்றால் திறத்தல். ளம்மா என்றால் சேர்த்தல். ஜபர், ஜேர், பேஷ் என்னும் பாரசீகச் சொற்களுக்கோ மேல், கீழ், முன் என்பதே பொருள். இன்று பேஷ் எழுத்தின் மேலே இடப்பட்டாலும், அதன் பெயர் அந்த முதல் புள்ளி நின்ற இடத்தையே சொல்கிறது.

பின்னர் ஹஜ்ஜாஜின் காலத்தில் பா, தா, ஸா போன்ற ஒத்த வடிவ எழுத்துகளைப் பிரித்தறியும் புள்ளிகள் முஸ்ஹஃபில் முறைப்படுத்தப்பட்டன. நஸ்ர் இப்னு ஆஸிம், யஹ்யா இப்னு யஃமர் ஆகியோரின் பெயர்கள் இப்பணியில் குறிப்பிடப்படுகின்றன. இருவகைப் புள்ளிகளும் கலந்து குழப்பம் தராதிருக்க, ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் கலீல் இப்னு அஹ்மத் புதிய வடிவங்களை அமைத்தார்கள். சாய்ந்த சிறு அலிஃப் ஜபராயிற்று; சிறு வாவ் பேஷாயிற்று; ஷீனின் தலைப்பகுதி ஷத்தாயிற்று.

மூல முஸ்ஹஃபுகளில் குறியிடுவதை விரும்பாத இமாம் மாலிக் (ரஹ்) அவர்களும், பிள்ளைகள் கற்கும் சிறு முஸ்ஹஃபுகளில் அதனை அனுமதித்தார்கள். கற்போரின் தேவை அன்றே உணரப்பட்டிருக்கிறது.

இன்றோ சிலர், தமிழ் எழுத்தில் அச்சிட்ட சூராக்களைப் பார்த்தே ஓதி அமைந்துவிடுகின்றனர். ஃபாத்திஹாவில் "அன்அம்த" என்றால் "நீ அருள் புரிந்தாய்"; "அன்அம்து" என்றால் "நான் அருள் புரிந்தேன்"! ஒவ்வொரு தொழுகையிலும் ஓதும் சூராவிலேயே ஒரு ஜபர் இத்தனை பொருளைத் தாங்கி நிற்கிறது. காஃபையும் பெரிய காஃபையும் தமிழில் ஒரே எழுத்தால் எழுதினால் "கல்ப்" என்பது உள்ளமா, நாயா என்பது எவருக்கு விளங்கும்?

ஆகவே, வாயைப் பார்த்துப் பிறந்த குறிகளை வாயைப் பார்த்தே கற்போம். உஸ்தாதின் முன் அமர்ந்து, அவர் உதட்டைக் கவனித்து, கேட்டு, திருப்பி ஓதுவோம். வயது கடந்துவிட்டதே என்று வெட்கப்பட வேண்டியதில்லை. சிரமத்துடன் திக்கித் திக்கி ஓதுபவருக்கு இரு கூலிகள் உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் நற்செய்தி கூறியிருக்கிறார்கள்.

வல்ல ரஹ்மான் தன் வேதத்தைத் திருத்தமாக ஓதும் நாவை நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.