பட்டறையும் புத்தகமும்

மோட்டார் சைக்கிள் தோன்றிய தொடக்க நாட்களில், அதனை ஓட்டத் தெரிந்தவர் அதனைப் பழுதுபார்க்கவும் தெரிந்தவராகவே இருக்க வேண்டியிருந்தது. 1885-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் கோட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மைபாக்கும் மரச் சட்டம் ஒன்றில் பெட்ரோல் எஞ்சினைப் பொருத்தி ஓட்டிக் காட்டினர். அதற்குப் பின்னரும் பல்லாண்டுகள் வரையில், வழியில் வண்டி நின்றுவிட்டால் உதவிக்கு ஓடிச் செல்லப் பெரும்பாலான ஊர்களில் பட்டறை இல்லை. ஆதலால் வண்டியை வாங்கியவர் அதன் உள்ளுறுப்புகளையும் ஓரளவு அறிந்து வைத்திருந்தார்.

பட்டறைகள் பெருகிய பின் இந்நிலை மாறிற்று. உற்பத்தியாளர்கள் இருவகைப் புத்தகங்களை வெளியிடலாயினர். ஒன்று, வண்டிக்காரருக்கு உரியது. எண்ணெய் ஊற்றுவது, சக்கரத்துக்குக் காற்றடிப்பது, சங்கிலியின் தொய்வைச் சரிசெய்வது ஆகியவற்றோடு அது நின்றுவிடும். மற்றொன்று, பட்டறைக்கு உரியது. எஞ்சினைப் பிரித்துப் பூட்டும் முறை அனைத்தும் அதில் உண்டு. ஆனால் அது பயிற்சி பெற்ற தொழிலாளியை மனத்திற்கொண்டு எழுதப்பட்டது. அவரிடம் தனிக் கருவிகள் உண்டு என்றும், பாதி வேலை அவருக்கு முன்னமே தெரியும் என்றும் எண்ணிக்கொண்டு, சுருக்கமாகச் சொல்லிச் செல்லும். இவ்வாறு ஒரே வண்டியைப் பற்றிய அறிவு இரண்டாகப் பிரிந்தது; பெரும்பகுதி வண்டிக்கு உடையவரின் கைக்கு எட்டாமற் போயிற்று.

நம் நாட்டிலோ அவ்வறிவு புத்தகத்தில் ஏறாமல் மனிதரின் கைகளிலேயே தங்கிற்று. டில்லியின் கரோல் பாக், கல்கத்தாவின் மல்லிக் பஜார், சென்னையின் புதுப்பேட்டை ஆகிய இடங்களில் இத்தொழில் குருகுல முறையில் வளர்ந்ததை நாம் கண்டிருக்கிறோம். சிறுவன் ஒருவன் மண்ணெண்ணெயில் உறுப்புகளைக் கழுவுவதில் தொடங்குவான். கேட்ட ஸ்பேனரை எடுத்துக் கொடுப்பான். சில ஆண்டுகள் கழிந்த பின்னரே எஞ்சினில் கைவைப்பான். இம்முறையில் தேர்ந்தவர்கள் ஓசையைக் கேட்ட மாத்திரத்தில் நோயைச் சொல்லிவிடுவார்கள். எனினும் இதில் ஒரு குறை உண்டு. அறிவு அனைத்தும் ஆசானின் கையில் இருக்கிறது. வண்டிக்கு உடையவர் ஓரமாக நிற்கிறார். அவர் வேற்று மாநிலத்திலிருந்து வந்தவராயின் அக்குறை இரட்டிப்பாகிறது. வண்டி மேட்டில் இழுக்கவில்லை என்பதையும், ஏறும்போது திணறுகிறது என்பதையும் எம்மொழியில் எப்படிச் சொல்வது? சொல்லத் தெரியாத நோய்க்குச் சொன்ன கூலியைக் கொடுத்துவிட்டு வந்த அனுபவம் நம்மவர்க்குப் புதிதன்று.

இந்த இடைவெளியை நிரப்பியவர்களுள் ஒருவர் ஜான் ஹெய்ன்ஸ். 1938-ஆம் ஆண்டில் இலங்கையில், தேயிலைத் தோட்டத்து மேலாளர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் அவர். இங்கிலாந்தில் பள்ளி மாணவராக இருக்கையில் பழைய ஆஸ்டின் செவன் காரைப் பிரித்துப் புதிய வடிவில் கட்டினார். தாம் செய்த முறையை 1956-ஆம் ஆண்டில் சிறு நூலாக வெளியிட்டார். அச்சிட்ட 250 பிரதிகளும் பத்தே நாட்களில் விற்றுத் தீர்ந்தன. பின்னர் விமானப்படையில் சேர்ந்து ஏடனில் பணியாற்றியபோது, நண்பர் ஒருவரின் ஆஸ்டின் ஹீலி ஸ்ப்ரைட் காரைச் செப்பனிட நேர்ந்தது. உற்பத்தியாளரின் புத்தகம் சாதாரண மனிதருக்குப் பயன்படுவதாக இல்லை என்பதை அங்கே அவர் கண்டார். ஆகவே எஞ்சினை ஒவ்வோர் உறுப்பாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் புகைப்படம் எடுத்து, மீண்டும் பூட்டினார். அதுவே 1966-ஆம் ஆண்டில் புத்தகமாக வெளிவந்தது. முதற் பதிப்பின் 3,000 பிரதிகள் மூன்று மாதங்களுக்குள் விற்றுப்போயின.

காரில் தொடங்கிய இம்முறை பின்னர் மோட்டார் சைக்கிள்களுக்கும் பரவிற்று. இதன் புதுமை யாதெனில், எழுதுபவர் தாமே பிரித்துப் பார்த்து எழுதினார் என்பதே. வரைபடத்தில் தெளிவாகத் தோன்றும் திருகாணி, உண்மையில் கை நுழையாத மூலையில் இருக்கக்கூடும். அதனைக் கழற்றிப் பார்த்தவர்க்கே, முதலில் எதை அகற்றினால் வழி பிறக்கும் என்பது தெரியும். படங்களில் தென்பட்ட எண்ணெய் படிந்த கைகள், படிப்பவரின் அச்சத்தைப் போக்கின. தம்மைப் போன்ற ஒருவரே இதைச் செய்திருக்கிறார் என்ற துணிவு பிறந்தது.

நம் நாட்டில் கையேட்டின் பயனை விளக்க ராயல் என்ஃபீல்டு புல்லட்டைவிடச் சிறந்த சான்று இல்லை. இங்கிலாந்தின் ரெடிட்ச் நகரத்து நிறுவனமும் மதராஸ் மோட்டார்ஸும் 1955-ஆம் ஆண்டில் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை நிறுவின. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் பாகங்கள் கப்பலில் வந்து இங்கே பூட்டப்பட்டன. நாளடைவில் அவை இங்கேயே வார்க்கப்பட்டன. 1967-இல் ரெடிட்ச் தொழிற்சாலை மூடப்பட்டது. 1970-ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் உற்பத்தியே ஓய்ந்தது. திருவொற்றியூரிலோ அதே வண்டி பெரிய மாறுதலின்றித் தொடர்ந்து பிறந்துகொண்டிருந்தது; 1977-இல் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாகத் தொடங்கிற்று. இதன் விளைவு வியப்புக்குரியது. ரெடிட்சில் 1950-களின் வண்டிக்கு எழுதப்பட்ட புத்தகம், பல்லாண்டுகளுக்குப் பின் திருவொற்றியூரில் பிறந்த வண்டிக்கும் பெரும்பாலும் பொருந்திற்று. தொழிற்சாலை மறைந்த பின்னும் அதன் புத்தகம் வாழ்ந்தது.

அப்புத்தக அறிவு எத்தகையது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். பழைய புல்லட்டின் வார்ப்பிரும்பு எஞ்சினில் வால்வுகளை இயக்கும் தள்ளுகோல்கள் இரண்டு உண்டு. சிலிண்டரின் வலப்புறத்துச் சிறு மூடியைத் திறந்தால் அவற்றின் அடிப்பகுதி தென்படும். எஞ்சின் நன்கு குளிர்ந்திருக்க வேண்டும். பிஸ்டன் அழுத்த வீச்சின் உச்சியில் நிற்க வேண்டும். அந்நிலையில் கோலை விரலால் உருட்டினால் தடையின்றிச் சுழல வேண்டும்; மேலும் கீழும் அசைத்தால் ஆட்டம் இருக்கலாகாது. தளர்ந்தால் டக்டக்கென்ற ஓசை எழும். இறுகினால் வால்வு முழுமையாக மூடாமல் நாளடைவில் கருகிவிடும். ஆசானின் விரல் பல்லாண்டுகளில் கற்றதை இச்சில வாக்கியங்கள் நமக்குத் தருகின்றன. விரலின் பழக்கத்தை அவை தாரா. ஆனால் விரல் எதைத் தேட வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகின்றன.

இவ்வாறு கூறுவதால் பட்டறை வேண்டாம் என்பது நம் கருத்தன்று. பொருந்தாத ஸ்பேனரைப் போட்டு நட்டின் முனைகளை மழுக்கிவிட்டு, புத்தகமும் கையுமாகப் பட்டறை வாசலில் நிற்பவர்கள் உண்டு. கிராங்க் தண்டைப் பிரித்துச் சீர்செய்வது வீட்டுத் திண்ணையில் ஆகிற வேலையன்று. எதை நாமே செய்யலாம், எதை வல்லவரிடம் விட வேண்டும் என்ற எல்லையை உணர்த்துவதும் நல்ல கையேட்டின் கடமையே. அதனைப் படித்தவர் பட்டறைக்குச் சென்றாலும், நோயின் பெயரை அறிந்தவராகச் செல்கிறார். மொழி குறைந்தாலும் படத்தைக் காட்டிப் பேசுகிறார்.

இன்று இவ்வுரிமை மீண்டும் கைநழுவக்கூடிய நிலை தோன்றியுள்ளது. 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று பாரத் ஸ்டேஜ் ஆறு விதிகள் நடைமுறைக்கு வந்தன. புகை குறைந்தது, அது நன்மையே. ஆனால் கார்புரேட்டரின் இடத்தை மின்னணுக் கருவியால் ஆளப்படும் எரிபொருள் செலுத்துமுறை பிடித்தது. அடைப்பெடுக்கச் சிறு கம்பியும் காற்றும் போதும் என்றிருந்த இடத்தில், பழுதின் குறியீட்டைப் படிக்கத் தனிக் கருவி வேண்டியிருக்கிறது. அக்கருவியும் விவரமும் நிறுவனத்தாரிடம் மட்டுமே இருக்குமாயின், அறிவு இரண்டாகப் பிரிந்த பழைய நிலைக்கே நாம் திரும்பிவிடுவோம். மத்திய அரசின் நுகர்வோர் நலத்துறை 2022-ஆம் ஆண்டில் பழுதுபார்க்கும் உரிமை பற்றிக் குழு அமைத்தபோது, மோட்டார் வாகனங்களையும் அதில் சேர்த்தது. கையேடுகள் வாங்குவோர்க்குக் கிட்ட வேண்டும் என்பது இவ்வுரிமையின் முக்கியமான கூறு.

தமிழுக்கும் இதில் பணி உண்டு. திணறல், அடைப்பு, தொய்வு, ஆட்டம், இறுக்கம், கசிவு என்று வண்டியின் நோய்களுக்கெல்லாம் நம் பட்டறைகளில் நல்ல சொற்கள் வழங்குகின்றன. அச்சொற்களைக் கொண்டே படங்களுடன் கூடிய கையேடுகள் பல எழுதப்படுமாயின், ஆசான்களின் கைத்திறன் அவர்களோடு மறையாது. எந்த ஊரில் வாழும் தமிழரும் தம் வண்டியின் முன் துணிவோடு அமர இயலும்.