அச்சச் சுவையும் அதன் முன்னறிவிப்பும்

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளுள் அச்சத்தையும் ஒன்றாக வைத்தார். அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்னும் நான்கும் அது தோன்றுதற்குரிய நிலைக்களன்கள் என்றும் வகுத்தார். வாழ்வில் எவரும் விரும்பாத அச்சம், கலையில் விரும்பித் துய்க்கப்படும் சுவையாகிவிடுகின்றது. இம்மாற்றம் எவ்வாறு நிகழ்கின்றது? சுவைப்போன் முன்னரே ஆயத்தப்படுத்தப்படுகின்றான் என்பதே விடையாகும். பேய்ப்படம் ஒன்றின் இரண்டாம் பாகம் வெளிவருமுன் மக்களிடையே ஆர்வத்தை வளர்க்க இக்காலத்தார் மேற்கொள்ளும் உத்திகள் புதியனபோலத் தோன்றினும், அவற்றின் வேர் மிகப் பழையது.

பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணியின் அமைப்பு இதற்குத் தக்க சான்றாகும். முதற் குலோத்துங்கனின் கலிங்கப்போரே அந்நூலின் பொருள். ஆயினும் புலவர் நம்மை உடனே போர்க்களத்துக்கு அழைத்துச் செல்வதில்லை. காட்டைப் பாடுகிறார், பின்னர் அக்காட்டின் நடுவே அமைந்த காளி கோயிலைப் பாடுகிறார், அதன்பின் தேவியை, அதன்பின்னரே பேய்களை. போர்ச் செய்தியையும் ஒரு கூளி வந்து காளிக்குக் கூறுவதாகவே அமைக்கிறார். ஒவ்வொரு பகுதியும் அடுத்த பகுதிக்கு வாயிலாக நிற்கின்றது. காட்டைக் கடந்தவன் கோயிலை எதிர்பார்க்கின்றான். கோயிலைக் கண்டவன் அங்கு உறைபவளை எதிர்பார்க்கின்றான். சிறிது காட்டிப் பெரிதும் மறைத்தலே இம்முறையின் உயிர்நாடி.

கூத்தரும் இதனை நன்கறிந்திருந்தனர். தமிழ்நாட்டுத் தெருக்கூத்தில் முதன்மைப் பாத்திரம் களரிக்கு வரும்போது இருவர் ஒரு திரையைப் பிடித்து நிற்பர். பாத்திரம் அதன் பின்னின்று பாடும். குரல் கேட்கும், முடியின் நுனி தெரியும், திரையின்கீழ்ச் சலங்கை கட்டிய கால் அசையும், முகம் மட்டும் தெரியாது. அவையோரின் ஆவல் முதிர்ந்த பின்னரே திரை விலகும். இக்காலத்துப் படமுன்னோட்டம் செய்யும் பணி முழுவதையும் அந்த ஒரு முழத் துணி அன்றே செய்துவிட்டது எனலாம். காத்தவராயன் கூத்தை விடிய விடியப் பார்த்துப் பழகிய வன்னி மக்களுக்கும், கதை தெரிந்திருந்தும் வரவுக்காகக் காத்திருத்தல் என்னும் இன்பம் புதியதன்று.

1905 ஆம் ஆண்டிலே திருச்சிராப்பள்ளியில் இருப்புப்பாதை அலுவலராயிருந்த சாமிக்கண்ணு வின்சென்ற், பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து படங்காட்டும் கருவியை வாங்கி ஊரூராகக் கூடாரமிட்டுப் படங்காட்டத் தொடங்கினார். அதன்பின் வந்த காலத்தில் மேளத்துடன் வரும் மாட்டுவண்டியும், சிறுவர் ஓடிப் பொறுக்கும் துண்டுப்பிரசுரமும், கொட்டகை வாசலில் விற்கும் பாட்டுப் புத்தகமும் படத்தின் தூதுவர்களாயின. பாட்டுப் புத்தகத்தில் அச்சிடப்பெற்ற கதைச் சுருக்கம், முக்கியமான கட்டத்தில் நின்று, மீதியை வெள்ளித்திரையிற் காண்க என்று முடிவது வழக்கம். திரைக்குப் பின்னின்று பாடிய கூத்தரின் உத்தியே இங்கு அச்சில் வந்தது.

அமெரிக்காவில் 1931 இல் வெளியான ‘பிராங்கன்ஸ்டைன்’ படத்தின் தொடக்கத்தில், பேருருவாக நடித்தவரின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு வினாக்குறி மட்டுமே இடப்பட்டது. 1935 இல் அதன் தொடர்ச்சியான ‘பிராங்கன்ஸ்டைனின் மணமகள்’ வந்தபோது, பேருருவை எல்லாரும் கண்டுவிட்டனர். எனவே அவ்வினாக்குறி மணமகளின் பெயருக்கு நேரே சென்றது. தொடர்ப்படத்தின் அடிப்படை இடர்ப்பாட்டையும் அதற்குரிய தீர்வையும் இந்த ஒரு சிறு குறியே விளக்கிவிடுகின்றது. முதற்பாகம் தன் மறைபொருளை வெளிப்படுத்தித்தான் வெற்றி பெறுகின்றது. ஆகவே இரண்டாம் பாகம் மறைப்பதற்குப் புதியதொன்றைத் தேடியாகவேண்டும்.

வவுனியா மாவட்டத்தில், தலைமன்னார் இருப்புப்பாதையை அடுத்துள்ள செட்டிகுளம் போன்ற குளத்தை நம்பி வாழ்ந்த ஊர்களுக்குத் திரைப்படத்தின் முதற் செய்தியைக் கொண்டுவந்ததில் வானொலிக்குப் பெரும் பங்குண்டு. இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவையில் மயில்வாகனனும், பின்னர் ‘திரைவிருந்து’ நிகழ்ச்சி மூலம் கே. எஸ். ராஜாவும் படங்களை அறிமுகஞ் செய்த முறை இன்றும் முதியோரால் நினைவுகூரப்படுகின்றது. உருவம் இல்லாத குரல், துண்டாக நறுக்கிய ஓர் உரையாடல், ஒரு பாடலின் தொடக்கம் ஆகிய இவ்வளவே அவர்களின் கருவிகள். 1966 இல் வந்த ‘யார் நீ’ போன்ற படத்தின் பாடலை இருள் சூழ்ந்த முற்றத்தில் வானொலியிற் கேட்பவன், படத்தைக் காணுமுன்னரே அதனைத் தன் மனத்தில் ஆக்கிக்கொள்கின்றான். கண்ணுக்கு மறைக்கப்பட்டதைக் கற்பனை பெருக்கிக் காட்டுகின்றது.

அண்மைக்காலத் தமிழ்த் திரையில் பேய்ப்படத் தொடர்கள் பெருகியுள்ளன. 2007 இல் வந்த ‘முனி’ 2011 இல் ‘காஞ்சனா’வாகத் தொடர்ந்தது. 2014 இல் தொடங்கிய ‘அரண்மனை’ 2024 இல் நான்காம் பாகத்தை எட்டியது. 2005 இன் ‘சந்திரமுகி’ பதினெட்டு ஆண்டுகளின் பின், 2023 இல், இரண்டாம் பாகம் கண்டது. 2015 இன் ‘டிமான்ட்டி காலனி’ 2024 இல் தொடர்ந்தது. இத்தகைய படங்களின் வெளியீட்டுக்கு முன் ஆர்வமூட்டும் வழிகள் பலவற்றுள் மூன்று குறிப்பிடத்தக்கன.

முதலாவது, முற்பாகத்தை மீளக் காட்டுதல். 2018 இல் வந்த ‘தும்பாட்’ என்னும் இந்திப்படம் 2024 செப்தெம்பரில் மீண்டும் திரையிடப்பட்டு, முதல் வெளியீட்டிலும் மிகுந்த வருவாயைப் பெற்றது. இரண்டாம் பாகத்தின் அறிவிப்பும் அப்போதே வந்தது. பழைய அச்சத்தை நினைவூட்டுவதே புதிய அச்சத்துக்கு நல்ல பாயிரம் என்பது இதனாற் பெறப்படும்.

இரண்டாவது, ஊர்வழக்கைத் துணைக்கொள்ளல். வீட்டுக் கதவைத் தட்டும் பேயை ஏமாற்றிப் போக்கும் பொருட்டு, ‘நாளை வா’ என்று சுவரில் எழுதிவைக்கும் வழக்கம் கர்நாடகத்தில் 1990 களில் பரவியது. 2018 இன் ‘ஸ்திரீ’ இத்தகைய வழக்கையே கதையாக்கியது. மக்கள் முன்னரே அறிந்த கதை, விளம்பரத்துக்கு முன்பே விளம்பரமாகிவிடுகின்றது.

மூன்றாவது, துணிவைச் சோதித்தல். 1958 இல் அமெரிக்க இயக்குநர் வில்லியம் காசில், தம் படத்தைப் பார்த்து அச்சத்தால் இறப்போரின் குடும்பத்துக்கு 1,000 டொலர் காப்புறுதி என அறிவித்தார். 1960 இல் ஹிட்ச்கொக், ‘சைக்கோ’ தொடங்கிய பின் எவரும் உள்ளே விடப்படார் என்று விதித்தார். 2008 இல் ராம் கோபால் வர்மா, தம் ‘பூங்க்’ படத்தைக் கொட்டகையில் தனியே இருந்து பார்ப்போருக்கு 5 இலட்சம் ரூபா பரிசு என்றார். இம்மூன்றும் பார்வையாளனை விளையாட்டுக்கு அழைக்கின்றன. வருவதும் வராததும் அவன் விருப்பம்.

ஆயின் அழைப்பில்லாத அச்சமும் உண்டு. 2017 இல் ‘ரிங்ஸ்’ என்னும் தொடர்ப்படத்துக்காக, அமெரிக்காவில் தொலைக்காட்சிப் பெட்டி வாங்க வந்தோர் முன் கடையின் பெட்டியிலிருந்து பேயுருக் கொண்ட பெண்ணொருத்தியை ஊர்ந்து வரச் செய்து, அவர்கள் அலறியதைப் படமாக்கிப் பரப்பினர். பலர் அதைக் கண்டு நகைத்தனர். ஆனால் அங்கு அலறியவர்கள் சீட்டு வாங்கிக் கொட்டகைக்குள் வந்தவர்களல்லர்.

இவ்வேறுபாடு செட்டிகுளத்தில் வெறும் நூலறிவன்று. 2009 இல் அப்பிரிவிலுள்ள மெனிக்பாம் முகாம்களில் போரிலிருந்து தப்பிவந்தோர் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தங்கவைக்கப்பட்டனர். 2012 செப்தெம்பரிலேயே அவை மூடப்பட்டன. திடீரெனக் கேட்கும் வெடியோசையும், இருளில் வரும் அந்நியர் காலடியும் அம்மக்களுக்குச் சுவையல்ல; நினைவு. தொல்காப்பியர் கூறிய நிலைக்களன்கள் வாழ்வில் மெய்யாகவே வந்து நின்ற இடத்தில், தெருவிலே அச்சத்தை ஏவிவிடும் விளம்பரம் விளையாட்டாகாது.

எனவே ஆர்வமூட்டுதல் வேறு, அச்சுறுத்துதல் வேறு எனத் தெளிதல் வேண்டும். முற்பாகத்தை ஊரவர் கூடிப் பார்த்தல், முதியோரிடம் பேய்க்கதை கேட்டல், மறைந்துள்ள முடிச்சை ஊகித்து வாதிடல், திரைக்குப் பின்னின்று பாடும் கூத்தரைப்போலக் குரலை மட்டும் கேட்பித்தல் ஆகியன யாவும் விரும்பி வருவோரை மகிழ்விப்பன. கூத்தில் திரையை விலக்கும் உரிமை கூத்தனுடையது. ஆனால் களரிக்கு வருவதோ வீட்டில் உறங்குவதோ ஊரவன் உரிமை. இவ்விரண்டும் காக்கப்படுமிடத்தே அச்சம் சுவையாகின்றது.