எல்கடுவக்கு வரும் அசிட்

இறப்பர் ஸ்டோரில் அதற்கு ஒரே பெயர்: அசிட். இறப்பர் பாலை உறையவைக்கும் போமிக் அமிலம்தான். எறும்புகளைக் காய்ச்சி வடித்து இந்தப் புளிப்பு நீரைப் பெறலாம் என்று 1671இல் எழுதியவர் ஜோன் ரே. இப்போது அது ஜெர்மனியின் லுட்விக்ஸ்ஹாஃபன், குஜராத்தின் பரூச் போன்ற இடங்களின் ஆலைகளில் பிறக்கிறது.

அதன் தாய்ப்பொருள் மீதைல் போமேற்று. காபனோரொட்சைட்டும் மெதனோலும் சேர்ந்து உருவாவது. 32 பாகையிலேயே கொதித்துவிடும். பூச்சியத்துக்குக் கீழே 19 பாகைக் குளிரிலும் அதன் ஆவி நெருப்பைக் கண்டால் பற்றும். எரியும் திரவங்களை நான்கு வகையாகப் பிரிக்கும் ஐ.நா. முறையில் இது முதலாம் வகை, அதாவது மிகக் கொடியது. இதோடு தண்ணீர் வினைபுரிந்துதான் அமிலம் கிடைக்கிறது.

கிட்டத்தட்டத் தூய அமிலத்தின் ஆவி பற்றுவதற்கு 50 பாகை வெப்பம் வேண்டும். அது மூன்றாம் வகை. தண்ணீர் கலந்து 85 வீதமாக்கினால் அந்த அளவு 60 பாகையைத் தாண்டிவிடும். அதனால்தான் 85 வீதத்துக்கு மேற்பட்ட அமிலம் ஐ.நா. எண் 1779இன் கீழ், அரிக்கும் பொருள், எரியும் பொருள் என இரண்டு அடையாளங்களோடு கப்பலேறுகிறது. 85 வீதமும் அதற்குக் கீழும் 3412இன் கீழ், அரிக்கும் பொருள் என்ற ஓர் அடையாளத்தோடு மட்டும் வருகிறது. திரவம் ஒன்றுதான். கலந்த தண்ணீரின் அளவு அதன் எண்ணையே மாற்றிவிடுகிறது.

எல்கடுவ பெருந்தோட்டக் கம்பனியிடம் தேயிலையோடு இறப்பரும் இருக்கிறது. கொழும்பில் இறங்கி இப்படிப்பட்ட தோட்டங்களுக்கு மலையேறி வரும் கேன்களில் 85 வீத அமிலம் இருந்தால், அவற்றில் தீ அடையாளம் இருக்காது. அதை நம்பி அசட்டையாக இருப்பதுதான் எனக்குக் கவலை. இறப்பர் ஷீட் காயும் புகையறையின் உள்ளே வெப்பம் 60 பாகை வரை போகும். அடுப்பில் விறகு எரிந்துகொண்டே இருக்கும். கேனை அந்த அடுப்புவாய்க்கு அருகில் வைத்தால், லேபிளில் இல்லாத தீ திரும்பி வரலாம். சூடு ஏற ஏற அமிலம் மெல்லச் சிதைந்து காபனோரொட்சைட்டை விடும். காற்றுப் போக வழியில்லாத மூடியென்றால் கேன் உப்பும். நிழலான, காற்றோடும் தனி அறையே அதற்கு ஏற்ற இடம். இரும்பை அது தின்றுவிடுமாதலால் பிளாஸ்டிக் பாத்திரமே வேண்டும்.

பாலில் ஊற்றும்போது அது 1 வீதக் கரைசல் மட்டுமே. அங்கே தீப் பயம் இல்லை. ஆனால் அதற்கு முன், கேனைச் சரித்து அளந்து, தண்ணீருக்குள் அசிட்டை ஊற்றும் சில நிமிடங்கள் இருக்கின்றனவே, தொழிலாளியின் கண்ணும் கையும் பணயமாவது அப்போதுதான். கையுறையும் கண்ணாடியும் அந்த வேலைக்குக் கட்டாயம். பக்கத்திலேயே தண்ணீர்ப் பைப்பும் வேண்டும். கண்ணில் தெறித்தால் 15 நிமிடமாவது கழுவிக்கொண்டே இருந்து, பிறகு நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இதையெல்லாம் கேனின் மேலேயே தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்ட ஒரு தாள் போதும்.